பொன்முடி: அப்பாக்கள் சண்டையில் சிக்கிய காதல்

புதுச்சேரி பெருமாள் கோவில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். புரட்சிக்கவிஞர் என்றதும் தமிழ்ப்பற்று, சாதி எதிர்ப்பு, பகுத்தறிவு இவைதான் எல்லோருக்கும் நினைவு வரும். அவர் எழுதிய காதல் கதை ஒன்று சினிமாவாக வந்தது பலருக்குத் தெரியாது.

அவருடைய 'எதிர்பாராத முத்தம்' காவியத்தை, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் 'பொன்முடி' என்ற பெயரில் படமாக்கியது. பி.வி.நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் ஜோடி. இயக்கியவர் யார் தெரியுமா? எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர்! தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்கள் எடுத்தவர். தடை செய்யப்பட்ட காதல் அவருக்குப் புதிதல்ல. 1937-இல் வந்த 'அம்பிகாபதி'யும் அவர் இயக்கியதுதான்.

காவியத்தின் கதை இதுதான். பொன்முடியும் பூங்கோதையும் உறவுக்காரர்கள். சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள். பெரியவர்களுக்குள் மனக்கசப்பு வருகிறது. போக்குவரத்து நின்றுவிடுகிறது. வளர்ந்தபின் இருவரும் திருட்டுத்தனமாகச் சந்திக்கிறார்கள். பெண்ணின் அப்பா, பையனை மரத்தில் கட்டிவைத்து அடிக்கிறார். பையனின் அப்பாவோ, முத்து வியாபாரம் செய்ய அவனை வடக்கே அனுப்பிவிடுகிறார். பூங்கோதையும் தேடிப் போகிறாள். கடைசியில் சந்திக்கிறார்கள். முத்தமிடும் அந்த நொடியில் பொன்முடி கொல்லப்படுகிறான். அவளும் உயிரை விடுகிறாள்.

இதை ரோமியோ ஜூலியட் கதை போல என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரோமியோ பகையாளி வீட்டுப் பையன். பொன்முடியோ சொந்தக்காரன், 'அத்தான்' என்று கூப்பிடும் முறை உள்ளவன். இங்கே சாதி குறுக்கே வரவில்லை, ஏழை பணக்காரன் என்ற பேதமும் இல்லை. சண்டை வராமல் இருந்திருந்தால் இதே பெரியவர்கள்தான் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். அதாவது, இந்தக் காதலில் தப்பு என்று எதுவுமே இல்லை. இரண்டு அப்பாக்களின் வீம்பு மட்டும்தான் இருக்கிறது.

சாதியை எதிர்த்துப் போராட கொள்கை உண்டு, சட்டம் உண்டு. வீம்பை எதிர்த்து எங்கே மனு கொடுப்பது?

இன்றும் கல்யாண வீடுகளில் பாருங்கள். ஒரே பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடும் அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள் உண்டு. ஏன் பேசுவதில்லை என்று கேட்டால் சரியான பதில் வராது. ஆனால் பிள்ளைகள் மட்டும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக்கூடாது!

பொன்முடியைக் கொன்றது வடக்கே யாரோ ஒருவரின் ஆயுதம். அவனை அங்கே அனுப்பி வைத்தது பேசாமல் இருந்த இரண்டு வாய்கள்.