சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கடிதம்

சங்கரன்கோவில்

அன்புள்ள தோழிக்கு,

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் நீ பாடம் நடத்தும் பள்ளிக்கும் நம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கும் தோழமை ஏற்படுத்தலாமா, அதற்குச் சங்கரன்கோவில் சரிப்பட்டு வருமா என்று கேட்டிருந்தாய். ஊரை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சரிப்பட்டு வரும். ஆனால் எப்படிச் செய்தால் உருப்படும் என்பதையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

ராஜபாளையத்தில் பஸ் ஏறி, மேற்கே மலைத்தொடர் கூடவே வர, கரிவலம்வந்தநல்லூர் வழியாக வந்து இறங்கினேன். 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தபோது இந்த ஊரும் அதோடு போய்விட்டது. மற்றபடி ஊர் அப்படியேதான் இருக்கிறது. பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகள். தெருக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம். முகூர்த்த நாள் நெருங்கினால் பூ விலை ஏறும், அடுத்த வாரமே இறங்கும். இங்கே பாதிக் குடும்பங்களின் பேச்சு அதைச் சுற்றியேதான்.

கோயிலைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உன் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் இருவர், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்காடினார்கள். கோமதியம்மன் தவமிருந்து வேண்ட, சிவனும் திருமாலும் ஒரே திருமேனியாகக் காட்சி தந்தார்கள் என்பது தலபுராணம். சங்கரலிங்கம் சன்னதிக்கும் அம்மன் சன்னதிக்கும் நடுவே சங்கரநாராயணர் நிற்கிறார். வலப்பாதியில் சடையும் பிறையும், இடப்பாதியில் கிரீடமும் சங்கும். திருநீறும் துளசித் தீர்த்தமும் ஒரே சன்னதியில் கிடைக்கின்றன. ஆடித்தபசு அன்று இந்தக் காட்சியைக் காணச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். விவசாயிகள் பருத்தியையும் மிளகாயையும் அள்ளிச் சூறை விடுவார்கள்.

பெரியவர் யார் என்ற சண்டைக்கு இப்படியொரு தீர்வைக் கண்ட ஊர் இது. ஆனாலும் இதன் சுற்றுப்புறத்தில் மனிதர்களுக்குள் அதே வழக்கு இன்னும் தீரவில்லை.

மாலையில் ஒரு பள்ளி விடும் நேரத்தில் எதிரே இருந்த பெட்டிக்கடையருகே நின்றிருந்தேன். பையன்கள் முண்டியடித்துக்கொண்டு கை நீட்டுகிறார்கள். கடைக்காரர் சில்லறையை வாங்கிப் பெட்டியில் போட்டு, ஜாடியின் மூடியைத் திருகித் திறந்து, கடலை மிட்டாயை எடுத்து ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைக்கிறார். அடுத்த கை, அடுத்த மிட்டாய். இந்தச் சின்னக் கொடுக்கல் வாங்கல்தான் 2022 செப்டம்பரில் இதே வட்டாரத்துப் பாஞ்சாகுளத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டது. ஊர்க் கட்டுப்பாடு, தின்பண்டம் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிய காட்சி வீடியோவாகப் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பிள்ளைகள் மனதில் பதிந்ததை எந்த உத்தரவு அழிக்கும்?

மறு ஆண்டு ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, அவனோடு படித்தவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிச் சொற்களை நீக்குவது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைப்பது போன்ற பரிந்துரைகள் அதில் உண்டு. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை ஒரு முன்னாள் நீதிபதி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், நம் வகுப்பறைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று நீயே யோசித்துக்கொள்.

இந்த நிலையில் கடல் கடந்த தோழமை எதற்கு என்று நீ கேட்கலாம். அது தேவை என்றே நினைக்கிறேன். நீ இருக்கும் நாடே அதற்குச் சாட்சி. 1870 தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்குள் மூன்று முறை மோதிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் 1963-இல் எலிசே ஒப்பந்தம் செய்துகொண்டு, அதே ஆண்டு இளைஞர்களுக்கென்றே ஒரு கூட்டு அலுவலகத்தையும் தொடங்கின. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாக எல்லை தாண்டிப் பழகியிருக்கிறார்கள். 2003-இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர்கள் எங்களுக்குப் பொதுவான வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று கேட்டார்கள்; 2006-இல் அது அச்சாகி வந்தது. தாத்தாக்கள் சுட்டுக்கொண்ட கதையைப் பேரப்பிள்ளைகள் ஒரே பாடமாகப் படிக்க வழி பிறந்தது.

ஆனால் சும்மா சந்திக்க வைத்தால் மட்டும் வெறுப்பு கரைந்துவிடாது. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதற்கு நான்கு நிபந்தனைகள் சொல்லியிருக்கிறார்: இரு தரப்புக்கும் சம அந்தஸ்து, ஒரே இலக்கு, கூடிச் செய்யும் வேலை, பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவு. நம் திட்டத்தை இந்த நான்கின் மேல்தான் கட்ட வேண்டும்.

சம அந்தஸ்திலிருந்தே தொடங்குவோம். பழைய லேப்டாப்களை இங்கே அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன். கொடுப்பவர், வாங்குபவர் என்று ஆகிவிட்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்க மாட்டார்கள். சகிப்புத்தன்மை என்பது சலுகையோ மேலிருந்து காட்டும் தயவோ அல்ல, பிறர் உரிமையை ஏற்பது என்றுதான் 1995-ஆம் ஆண்டு யுனெஸ்கோ பிரகடனமும் சொல்கிறது.

கூடிச் செய்ய வேலை தேட வேண்டியதே இல்லை. ஆக்ஸ்பர்க் பழைய நெசவு நகரம். மூடிய நூற்பாலை ஒன்றில் இப்போது ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கே தறி இன்னும் ஓடுகிறது. ஒரு துணியின் கதையை இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைகள் எழுதட்டும்: நூல் எங்கிருந்து வருகிறது, கூலி என்ன, ஆலை மூடியபோது தொழிலாளர்கள் என்ன ஆனார்கள்?

இன்னொன்று இதைவிட முக்கியம். உங்கள் ஊரில் ஆகஸ்ட் 8 அமைதித் திருநாள். அந்நகரத்துப் புரோட்டஸ்டண்டுகள் 1629-இல் அதே நாளில் தங்கள் வழிபாட்டு உரிமையை இழந்தார்கள். 1648-இல் முப்பதாண்டுப் போர் முடிந்து அதைத் திரும்பப் பெற்று, 1650 முதல் நன்றித் திருநாளாகக் கொண்டாடினார்கள். நகர நிர்வாகப் பதவிகளைக் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்ததும் அந்த 1648-இல்தான். ஆடித்தபசும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வருகிறது. இரண்டு ஊரும் தங்கள் திருவிழாவை மற்றதற்கு எழுதிச் சொல்லட்டும். கூடவே ஒரு கேள்விக்கும் பதில் எழுதட்டும்: இன்று எங்கள் ஊரில் யாருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை? உன் வகுப்பில் சிரியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னாய். அவர்கள் எழுதுவதைப் படிக்கும் நம் பிள்ளை, பாஞ்சாகுளத்தைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பிப்பான். வெளியாள் கேட்கும்போதுதான், வழக்கம் என்று விட்டுவைத்த ஒன்றுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பலிக்க ஒரே ஒரு விதி வேண்டும் என்கிறேன். இங்கிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்தையும் வெவ்வேறு தெருவைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய் வந்து, சேர்ந்து எழுத வேண்டும். ஆக்ஸ்பர்க் நண்பனுக்குப் பதில் சொல்வதற்காகவாவது அடுத்த தெருவைத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் பக்கத்திலும் அப்படியே. இல்லாவிட்டால் சுவரில் மாட்டச் சான்றிதழ் கிடைக்கும், புகைப்படம் கிடைக்கும். வாசலுக்கு வெளியே பிள்ளைகள் பழையபடி பிரிந்து போவார்கள்.

தலைமையாசிரியர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் வரும் யோசனையைக் கேட்டுத் தயங்கினார். பெற்றோர்களைக் கூட்டிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தக் கூட்டத்துக்கு நானும் போகிறேன். அவர்கள் முடியாது என்றால் வேறு பள்ளியைப் பார்ப்போம், இந்த விதியை மட்டும் விட வேண்டாம். உன் நிர்வாகம் இதற்குச் சம்மதிக்குமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் தோழி