கொல்லைக்கு ஒரு விளக்கு

டிசம்பர் 7, 2024, சனி

விடியற்காலை கொட்டகைக்குப் பால் கறக்கப் போன அத்தை, தண்ணித் தொட்டி ஓரம் கட்டுவிரியனைப் பார்த்திருக்கிறார். "டார்ச்சைத் தரையில அடிச்சுக்கிட்டே போனதால தப்பிச்சேம்மா" என்றார். கட்டுவிரியன் இருட்டில்தான் நடமாடும். கடித்தால் பெரிதாக வலிக்காது என்பதுதான் கொடுமை. கடிபட்டது தெரியாமலே தூங்கிப்போனவர்கள் உண்டு.

வீட்டிலிருந்து கொட்டகைக்கு அறுபதடி இருக்கும். விளக்குப் போட ஒயர் இழுக்கலாம்தான். ஆனால் வழி நெடுகத் தென்னை. மட்டை விழுந்து ஒயர் அறுந்து ஈரத்தரையில் கிடந்தால் என்ன ஆவது? தவிர, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த பட்டுக்கோட்டைச் சீமை இது. சோலார்தான் சரி என்று ராத்திரி மாமாவும் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

விளக்கு வாங்க டவுனுக்குப் போனோம். உள்ளங்கை அகலப் பேனல், பெட்டியிலோ '200 வாட்' என்று கொட்டை எழுத்து! உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவதே சுமார் 1000 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமானால் பெரிது. உள்ளங்கையளவுக்கு இரண்டு வாட் வந்தாலே அதிகம். சிறுவாட்டுக் காசில் வாங்க வருகிறவர்களிடம் இப்படி எழுதி விற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

விளக்கின் வாட்டை விட்டுவிட்டு, பேனல் எத்தனை வாட், பேட்டரி எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்-மணி என்று மட்டும் கேட்டேன். நாலாவது கடையில்தான் பதில் வந்தது. 12 வாட் பேனல், தனியாக நீள ஒயரோடு. 3.2 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. பெருக்கினால் 38 வாட்-மணி. ஆள் நடமாட்டம் இல்லாதபோது அரை வாட்டிலும், ஆள் வந்தால் மூன்று வாட்டிலும் எரியும். ஒரு ராத்திரிக்குப் பத்து வாட்-மணி போதும். வெயிலே இல்லாவிட்டாலும் மூன்று ராத்திரி தாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் போடும் ஊருக்கு இந்தக் கணக்குத்தான் உயிர்.

வெள்ளை வெளேரென்ற விளக்கு வேண்டாம் என்று மஞ்சள் வெளிச்சமாக, 3000 கெல்வின் பார்த்து எடுத்தேன். பூச்சி குறைவாக வரும். பூச்சி வந்தால் தவளை வரும், தவளை வந்தால் பின்னாலேயே பாம்பு வரும்.

டிசம்பர் 9, திங்கள்

எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். விளக்கைக் கொட்டகைக்குள் மாட்டலாம் என்றார். வெளிச்சுவரில், எட்டடி உயரத்தில், முகம் தரையைப் பார்க்கும்படி மாட்டச் சொன்னேன். சென்சார் உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்துத்தான் எரிகிறது. உள்ளே மாட்டினால் மாடு அசைபோட்டுத் தலையை ஆட்டும்போதெல்லாம் எரியும், பேட்டரி காலி. இன்னொன்று: நேரே விளக்கை நோக்கி வருகிறவரைவிட, அதற்குக் குறுக்கே நடப்பவரைத்தான் சென்சார் சட்டென்று பிடிக்கிறது. அதனால் பாதை குறுக்கே போகும் மூலையாகப் பார்த்து மாட்டினோம்.

பேனல்தான் பெரும்பாடு. செல்கள் ஒன்றோடொன்று தொடராக இருப்பதால், ஒரு செல் மேல் கீற்று நிழல் விழுந்தாலே மொத்த மின்னோட்டமும் படுத்துவிடும். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மூன்று மணி என்று கூரையில் நிழல் நகர்வதைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தார் தம்பி. பொறுமைசாலி. கடைசியில் கிழக்கு ஓரத்தில் நிழல் படாத இடம் கிடைத்தது. இப்போது நடுப்பகலிலேயே சூரியன் உச்சியிலிருந்து சுமார் 33 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கிறது. பேனலைத் தெற்கு பார்த்துச் சாய்த்து, ஆணியடிக்காமல் போல்ட் போட்டு முடுக்கினோம். சாய்வாக இருந்தால் காக்கை எச்சமும் மழையில் ஓடிவிடும்.

டிசம்பர் 10, செவ்வாய்

வாசலுக்கு வாங்கிய சின்ன விளக்கு எரியவில்லை. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. பேனலில் மின்சாரம் நின்றால்தான் இருட்டிவிட்டது என்று விளக்குக்குத் தெரியும். எதிரே பஞ்சாயத்துக் கம்பத்து வெளிச்சம் பேனல் மேலேயே அடிக்கிறது. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் தள்ளி வைத்தோம், எரிந்தது.

டிசம்பர் 12, வியாழன்

விடாத மழை. சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்டும் போய்விட்டது. கொல்லை விளக்கு மட்டும் எரிந்தது. மூட்டத்திலும் பேனல் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறது. நனைந்துகொண்டே போய்ப் பார்த்தேன்: பாதைக் கல், அதன் இடுக்கில் நீர், தொட்டி ஓரத்து விறகுக் குச்சி, எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. குச்சி குச்சியாகவே தெரிவதற்குத்தானே இவ்வளவும்.

டிசம்பர் 13, வெள்ளி

பெரிய கார்த்திகை. அகல் எரியும்வரை வாசல் விளக்கை அணைத்து வைத்தோம். கொல்லை விளக்கை அணைக்க அத்தை விடவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மேலண்டை வீட்டுச் சித்தி வந்து, "எங்க மோட்டார் ரூமுக்கும் இது மாதிரி ஒண்ணு பாத்துக்குடேன்" என்றார். அங்கே மாமர நிழல் மதியம் வரை விலகாது. பேனலை வீட்டு மாடியில் வைத்து ஒயர் இறக்க வேண்டியிருக்கும். பேனல் வாட்டையும் பேட்டரிக் கணக்கையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை தம்பியோடு போய் நிழல் பார்க்கலாம் என்று பேச்சு.