கோரைப் படுகையும் மீன் குளமும்

செஞ்சி வட்டாரத்துத் தளவானூர், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த சத்ருமல்லேசுவராலயம் என்னும் குடைவரையால் தொல்லியல் நூல்களில் இடம்பெற்ற ஊர். அதே மன்னன் மகேந்திரவாடியில் தன் பெயர் தாங்கிய ஏரியின் கரையில் இன்னொரு குடைவரையை எடுப்பித்தான் என்பதைக் கருதும்போது, பல்லவர் காலத்துப் பாறையைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் அக்காலத்து நீரைப் பற்றியும் இன்னும் சற்று எழுதியிருக்கலாம் என்று தோன்றாமல் போகாது. ஏனெனில் இப்பகுதியின் வாழ்க்கை அன்றும் இன்றும் ஏரியின் வாழ்க்கையே. நிலத்தின் அடியில் கடும்பாறை இருப்பதால் நிலத்தடி நீர் சிதைந்த பாறை அடுக்கிலும் பாறைப் பிளவுகளிலும் மட்டுமே தங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் வரத்து வாய்க்கால் வழியே நிரம்பி, கலங்கல் வழிந்து, மதகின் வழியே வயலுக்குப் பாய்ந்து, கோடையில் வற்றிப்போகும் ஏரிகளே கிணறுகளுக்கும் ஊற்றாக இருந்து வருகின்றன.

இந்த ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை ‘மீன்பாசி குத்தகை’ என்ற பெயரில் ஏலம் விடப்படுவது தமிழகத்தின் பழைய வழக்கம். ஏலம் எடுத்தவர், மழைக்குப் பின் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களின் விரலிகளை, அதாவது விரலளவு வளர்ந்த குஞ்சுகளை ஏரியில் விட்டு, நீர் சுருங்கும் மாதங்களில் இழுவலை போட்டுப் பிடிக்கிறார். தீவனம் பெரும்பாலும் ஏரியே தருகிறது. அண்மைப் பத்தாண்டுகளில் இதனோடு இன்னொரு முறையும் வளர்ந்துள்ளது: சொந்த நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி, ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பி, தீவனம் போட்டு நெருக்கமாக வளர்க்கும் முறை. இரண்டுக்கும் மீன் ஒன்றே எனினும் நீர்க்கணக்கு வேறு. குளத்து நீரைத் தூய்மையாக்கும் செயற்கை ஈரநிலம் பற்றிய பேச்சு எழுவது இந்த இரண்டாவது முறையில்தான்.

தீவனத்தின் கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 100 கிலோ தீவனத்தில் 30 விழுக்காடு புரதம் இருப்பின், புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்பதால், அதில் அடங்கிய நைட்ரஜன் சுமார் 4.8 கிலோ ஆகும். இதில் மீனின் உடலில் சேர்வது பொதுவாக நாலில் ஒரு பங்கு. எஞ்சிய மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நைட்ரஜன் செவுள் வழியே அம்மோனியாவாகவும், கழிவாகவும், உண்ணப்படாத தீவனமாகவும் நீரில் கலக்கிறது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அயனியாகிய வடிவம் மீனை அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை, அயனியாகாத வடிவமே செவுளுக்குள் ஊடுருவி நஞ்சாகிறது. 30 பாகை வெப்பத்தில் நீரின் கார அமில நிலை 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்நிலை 9 ஆகும்போது அது பாதியை நெருங்குகிறது. பாசி மிகுந்த குளத்தில் வெயில் ஏற ஏறப் பாசி கரியமிலவாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் நீர் காரமாகிறது. அதே பாசி இரவெல்லாம் மூச்சு விடுவதால் விடியற்காலையில் உயிர்வளி குறைந்து மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாய் பிளக்கின்றன. எனவே மீன் வளர்ப்போர் பிற்பகலையும் விடியலையும் தனித்தனியே கவனிக்க வேண்டியிருக்கிறது. இரு வேளைகளிலும் இடர் ஒரே பாசியிலிருந்து பிறப்பதால், பாசியை அடியோடு ஒழிப்பதும் தீர்வாகாது.

இத்தகைய நிலையில் பெரும்பாலோர் கையாளும் வழி, குளத்து நீரில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டு அவ்வளவுக்குப் புதுநீரை இறைப்பது. ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 1.5 கோடி லிட்டர் நீர் நிற்கும். அதில் பத்தில் ஒரு பங்கை மாற்றினால் 15 லட்சம் லிட்டர் ஆகும். கடும்பாறைப் பகுதியின் ஆழ்துளைக் கிணறு இதனை நெடுநாள் தாங்காது. வெளியேற்றப்பட்ட நீரோ பக்கத்து வாய்க்காலையும் அதன் கீழுள்ள ஏரியையும் பாசி பூக்கச் செய்கிறது.

இதற்கு மாற்றாகக் கருதப்படும் செயற்கை ஈரநிலம் என்பது, இயற்கையான சதுப்பு நிலத்தில் நிகழும் தூய்மையாக்கத்தை ஓர் அளவான இடத்தில், அளவான ஆழத்தில், திட்டமிட்டு நிகழச் செய்யும் படுகையாகும். இருவகைப் படுகைகள் வழக்கில் உள்ளன: ஒன்றில் நீர் செடிகளின் இடையே திறந்தவெளியில் மெல்ல நகரும், மற்றொன்றில் ஜல்லி நிரப்பிய தொட்டியினுள், மேற்பரப்புக்குக் கீழே, வேர்களின் ஊடே நகரும். சம்பு, கோரை, நாணல், கல்வாழை போன்றவை இதற்குரிய செடிகள். செடிகள்தாம் நீரைத் தூய்மையாக்குகின்றன என்று பலரும் கருதினாலும், உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்வன ஜல்லியின் மீதும் வேரின் மீதும் படலமாகப் படிந்து வாழும் நுண்ணுயிர்களே. ஒருவகை நுண்ணுயிர் உயிர்வளியைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. உயிர்வளி அற்ற இடுக்குகளில் வாழும் வேறொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரை கிராமுக்கும் சற்று மேற்பட்ட உயிர்வளி தேவைப்படுவதால், உயிர்வளி குன்றிய ஜல்லிப் படுகையில் முதல் மாற்றம் தயங்குகிறது. செடியின் பங்கு, வேர் வழியே சிறிது உயிர்வளியைக் கீழே கொண்டு செல்வதும், நுண்ணுயிருக்கு இடம் தருவதும், தான் வளர்வதற்காக ஓரளவு சத்தை எடுப்பதும் ஆகும். ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950-களில் நீர்ச்செடிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளிலிருந்து இத்துறை அறிவியலாக வளரத் தொடங்கியது.

அறிவியல் அங்கே தொடங்கினாலும், ஈரநிலத்தையும் மீனையும் ஒரே தொழிலாக நடத்திய பேரளவு அனுபவம் இந்தியாவில், கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் உள்ளது. அந்நகரின் கழிவுநீரை ஏற்றுவந்த வித்யாதரி ஆறு தூர்ந்து போனபின், உவர்நீர்ப் பரப்பாக இருந்த தாழ்நிலங்கள் கழிவுநீர் பாயும் மீன் குளங்களாக மாறின. ‘பேரி’ என்று வங்காளத்தில் வழங்கும் இக்குளங்களை உள்ளடக்கிய ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் நிலம் 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கொல்கத்தாவின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து வந்து, நகருக்குப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் தேவைப்படாமல் போனதன் காரணம் இந்த மீனவர்களே என்பதை உலகறியச் செய்தவர் அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ். 2018-இல் மறையும் வரை அவர் அந்நிலத்தை மனை வணிகத்திடமிருந்து காப்பதற்காகவே பெரிதும் உழைத்தார்.

பேரியில் நடப்பதைத் தொழிலாகப் பார்க்கும்போதுதான் அதன் நுட்பம் புலப்படும். குளிர்காலத்தில் குளத்தை வடித்து, வெயிலில் காயவிட்டு, அடிமண்ணைக் கிளறிச் சுண்ணாம்பு இடுகின்றனர். பின்னர் கழிவுநீரை உள்ளே விட்டு, மூங்கில் தட்டியிட்ட மடையால் அளவைக் கட்டுப்படுத்தி, சில வாரங்கள் அசையாமல் வைக்கின்றனர். ஆழம் குறைந்த நீரில் வெயில் அடிவரை இறங்குவதால் பாசி பெருகி உயிர்வளியைத் தருகிறது. கழிவுநீரின் கருமை மறைந்து பச்சை தெரிந்த பின்னரே குஞ்சு விடப்படுகிறது. அதன்பின் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கழிவுநீர் சேர்க்கப்படும். எப்போது எவ்வளவு என்பது நீரின் நிறத்தையும் வாடையையும் மீனின் அசைவையும் பார்த்து மடைக்காரர் எடுக்கும் முடிவு. கரையோரத்தில் ஆகாயத்தாமரையை மூங்கிலால் வளைத்து வரிசையாக நிறுத்தியிருப்பது அலை கரையை அரிக்காமல் தடுப்பதற்காக. அது சில உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. தமிழக ஏரிகளில் ஒழிக்கப்பட வேண்டிய களையென்று ஆண்டுதோறும் அரசுச் செலவில் அள்ளப்படும் அதே செடி அங்கே கூலியில்லாத காவலாளாக இருக்கிறது என்பது சிந்திக்கத் தக்கது. எனினும் அதனை வளைக்குள் நிறுத்தி வைக்கும் ஆளில்லாத இடத்தில் அது களையே.

கொல்கத்தா முறையை அப்படியே செஞ்சிப் பகுதிக்குக் கொண்டுவர இயலாது. அங்கே குளம் நகரத்தின் அழுக்கைத் தூய்மையாக்குகிறது, இங்கே தேவைப்படுவது குளத்தின் அழுக்கைத் தூய்மையாக்கும் படுகை. இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குத் தெளிவான முன்மாதிரி டென்மார்க்கில் உள்ளது. ஓடைநீரைக் கொண்டு நன்னீர் மீன் வளர்த்த அந்நாட்டுப் பண்ணைகள், 1989 முதல் தீவன அளவுக்கே உச்சவரம்பு விதிக்கப்பட்டபின், நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ‘மாதிரிப் பண்ணை’களாக மாறின, கைவிடப்பட்ட பழைய குளங்களே அவற்றில் செடி வளரும் வடிகட்டிகளாக ஆக்கப்பட்டன. டென்மார்க்கில் போல இங்கும் சட்டம் தலையிட்டதுண்டு: தமிழகக் கடற்கரையில் இறால் பண்ணைகளின் கழிவுநீர் விளைநிலத்தையும் குடிநீரையும் கெடுத்ததன் விளைவாக எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பும், பின்னர் 2005-இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும், பெரிய பண்ணைகள் கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்த பின்னரே வெளியேற்ற வேண்டும் என்ற நெறியைக் கொண்டுவந்தன. உள்நாட்டு நன்னீர்க் குளங்கள் இச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே செஞ்சிப் பகுதியில் படுகை அமைப்பதற்குத் தூண்டுதலாக இருக்கக்கூடியது சட்டமன்று, இறைக்கும் நீரின் அருமையே.

பொருள்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. விழுப்புரம் மாவட்டம் கல் குவாரிகளுக்குப் பெயர் பெற்றது, ஆகையால் ஜல்லிக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரைகளில் சம்பும் கோரையும் தாமே முளைக்கின்றன. படுகை கட்டும் கைத்திறனும் அருகிலேயே உண்டு: ஆரோவில்லின் குடியிருப்புகள் பலவற்றிலும், புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தின் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் வீட்டுக் கழிவுநீரும் மருத்துவமனைக் கழிவுநீரும் செடி நட்ட ஜல்லிப் படுகையின் வழியே சென்று தோட்டத்துக்குப் பாய்கின்றன. அங்கே பழகிய கொத்தனாருக்கு மீன் குளத்துப் படுகை புதிதாக இராது.

ஆனால் அளவைப் பற்றி மிகையான எதிர்பார்ப்பு வேண்டியதில்லை. மேற்சொன்ன ஒரு ஹெக்டேர் குளத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நிலத்தை, அதாவது 1,000 சதுர மீட்டரைப் படுகையாக்கி, 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி நிரப்பினால், ஜல்லியின் இடைவெளி 40 விழுக்காடு எனக் கொள்ள, அதில் தங்கும் நீர் 2.4 லட்சம் லிட்டர். ஒரு நாள் தங்கவைத்து அனுப்பினால் குளம் முழுவதும் ஒருமுறை படுகை வழியே சென்று திரும்ப இரண்டு மாதங்கள் ஆகும். ஒரு சதுர மீட்டர் நாளொன்றுக்கு ஒரு கிராம் நைட்ரஜனை நீக்கும் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தத்தில் நீங்குவது ஒரு கிலோ, அதாவது 28 கிலோ தீவனத்தின் எச்சம். எஞ்சியதைக் குளத்துப் பாசியும் அடிச்சேறும் ஏற்க வேண்டும். எனவே மிதமான நெருக்கத்தில் கெண்டை வளர்ப்பவருக்கே படுகை உதவும்; நெருக்கத்தைப் பன்மடங்காக்கும் நோக்கத்துடன் வருபவருக்கு இது ஏமாற்றமே தரும். கோடையில் செடிகள் நீரை ஆவியாக்குவது மற்றொரு தடை என்பர். நாளொன்றுக்கு 8 மில்லிமீட்டர் என்று கொண்டாலும் 1,000 சதுர மீட்டரில் இழப்பு 8,000 லிட்டர், ஒருமுறை நீர் மாற்றுவதால் இழக்கும் 15 லட்சம் லிட்டருக்கு முன் இது பொருட்படுத்தத் தக்கதன்று.

பொருட்படுத்த வேண்டியது உழைப்பு. சேறு கலந்த குளத்துநீரை நேரே ஜல்லியில் விட்டால் இடுக்குகள் அடைந்துபோகும் என்பதால் முதலில் ஒரு தெளிதொட்டி அமைத்து, அதன் அடியில் தங்கும் வண்டலை அவ்வப்போது அள்ள வேண்டும். அது வயலுக்கு எருவாகும். முற்றிய கோரையை அறுக்காமல் விட்டால் அது அங்கேயே அழுகி, எடுத்த சத்தைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடும். பாஸ்பரசு வாயுவாகிப் போவதில்லை. அது ஜல்லியில் ஒட்டியும் செடியில் ஏறியுமே நீங்குவதாலும், ஜல்லியின் ஒட்டும் திறன் சில ஆண்டுகளில் நிறைவுறுவதாலும், அறுவடை செய்வதைத் தவிர அதை வெளியேற்ற வேறு எளிய வழியில்லை. இவ்வேலைகளைச் செய்பவர் வலை இழுப்பவரும் தீவனம் போடுபவருமாகிய அதே கூலியாளே. திட்ட மதிப்பீடுகளில் ஜல்லிக்கும் குழாய்க்கும் தொகை எழுதப்படுகிறதே தவிர, ஆண்டுக்கு இருமுறை படுகையில் இறங்கி அறுப்பவரின் கூலி எழுதப்படுவது அரிது. பல ஊர்களில் கட்டிய படுகைகள் புதர்க்காடாகிக் கைவிடப்பட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஏரிகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. மீன்பாசி குத்தகை குறுகிய காலத்துக்கே விடப்படுகிறது. செடி வேரூன்றிப் படுகை நிலைபெறவே ஒரு பருவத்துக்கு மேல் ஆகும் நிலையில், அடுத்த ஏலம் யாருக்குப் போகும் என்று அறியாத குத்தகைதாரர் ஏரியின் வரத்து முகத்தில் ஜல்லிக்கும் செடிக்கும் பணம் போட முன்வரமாட்டார். சொந்தக் குட்டை வைத்திருப்பவர் முதலில் முயல்வார். ஏரியில் இது நடக்க வேண்டுமெனில் குத்தகை ஆண்டுகளை நீட்டி, படுகையை அறுத்துப் பேணும் கடமையையும் அதற்கான கூலியையும் ஏல நிபந்தனையிலேயே எழுதிவைக்க வேண்டியிருக்கும்.