ஐம்பத்தாறு பேரின் இடாப்பு

ஒன்றுகூடல் என்றால் புரியாணி, பழைய புகைப்படம், கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கண்ணீர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் மூன்று மாத வேலை இருக்கிறது என்பது இந்த வருடம்தான் தெரிந்தது. அந்த வேலைகளில் எது பெரியது, எது சிறியது என்பதைப் பதவிப் பெயர்களை வைத்துச் சொல்ல முடியாது என்பதையும் அப்போதுதான் படித்தேன்.

எனது உம்மாவும் இதே கல்லூரியின் மாணவிதான். 1990இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து 1995 டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வகுப்பு அவர்களுடையது. முப்பது வருடம் நிறைவதால் ஒருமுறையாவது எல்லோரும் கூட வேண்டும் என்று புத்தளத்திலேயே இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் தீர்மானித்தார்கள். திகதியைப் பிடிக்கவே இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. நோன்பு மாதத்தில் முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ. ஞாயிற்றுக்கிழமை கலியாண வீடுகள். கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வரும் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது.

பிறகு பொறுப்புகளைப் பங்கிட்டார்கள். தலைவி, செயலாளர், பொருளாளர், உணவு, மேடை, பரிசு, ஆசிரியைகளை அழைத்து வருதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கை உயர்த்தினார். மேடைக்கு மூன்று பேர் கை உயர்த்தினார்கள். "பெயர்ப் பட்டியல் யார் செய்வது?" என்று செயலாளர் மாமி கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. உதவிக்கென்று எங்கள் உயர்தர வகுப்பிலிருந்து ஆறு பேரை அதிபர் அவர்கள் அனுப்பியிருந்தார்கள். தேநீர்த் தட்டோடு நின்ற என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளை செய்யட்டும், எழுத்து வடிவா இருக்கும்" என்றார் ஒரு மாமி. இப்படித்தான் பட்டியல் என் கைக்கு வந்தது.

பரீட்சைப் பெறுபேற்றுத் தாளின் பிரதி ஒன்றை என்னிடம் தந்தார்கள். அதில் 41 பெயர்கள். "இதுதான் எங்கட பெட்ச். இதில உள்ளவங்களுக்குப் போன் நம்பர் எடுத்தாப் போதும்" என்றார்கள். இரண்டே நாளில் முடிந்துவிடும் வேலை என்றுதான் எனக்கும் பட்டது.

பெயர்களின் எழுத்தைச் சரிபார்ப்பதற்காக அலுவலகத்தில் பழைய வரவு இடாப்பைப் பார்க்க அனுமதி கேட்டேன். அலுமாரியின் அடித்தட்டில், ஓரம் கறையான் அரித்த நிலையில், 1991ஆம் ஆண்டின் ஏழாம் வகுப்பு இடாப்பு கிடைத்தது. வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே இருந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தார்கள். முதல் 39 பெயர்களும் ஒரே நீல மையில், ஒரே சீரான எழுத்தில் இருந்தன. அதன் கீழே 40 முதல் 56 வரை பதினேழு பெயர்கள். மை வேறு, பேனா வேறு. சில பெயர்களை அவசரமாக எழுதியிருந்தது தெரிந்தது. சேர்வு இடாப்பை எடுத்து ஒப்பிட்டபோது, அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலானோருக்கு முகவரிக்குரிய இடத்தில் ஒரே சொல்தான் இருந்தது: முகாம்.

1990 ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை நாங்கள் வரலாறாகக் கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் தோணிகளிலும் படகுகளிலும் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தார்கள் என்றும், அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் குடிசைகளில் தங்கினார்கள் என்றும் படித்திருக்கிறோம். எனக்கு அதெல்லாம் ஒரு பந்தியாகத்தான் இருந்தது. இடாப்பின் 40ஆம் இலக்கத்தில் பேனா மாறியதைப் பார்த்தபோது, அந்தப் பந்தி எங்கள் கல்லூரிக்குள்ளும், உம்மாவின் வாங்குக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது என்பது உறைத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழு பேரில் ஆறு பேர் மட்டுமே இங்கிருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். பதினொரு பேர் இடையில் நின்றிருக்கிறார்கள். முதல் 39 பேரிலும் நான்கு பேர் பரீட்சைக்கு முன்பே போயிருக்கிறார்கள். ஆக 56 பேர் படித்த வகுப்பில் 15 பேர் பட்டியலில் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். உடனே எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். "சோதனை எழுதின ஆக்கள்தானே பெட்ச்?" என்றார் ஒருவர். "அவங்க இரண்டு மூணு வருஷம்தானே இருந்தாங்க. கூப்பிட்டா அவங்களுக்கும் சங்கடமா இருக்கும்" என்றார் இன்னொருவர். அதில் கெட்ட எண்ணம் இல்லை. முப்பது வருடமாக அப்படியே நினைத்துப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். பொருளாளர் மாமி மெதுவாக, "அந்த நேரம் நாங்க அவங்கள என்னண்டு கூப்பிட்ட? அகதிப் பிள்ளைகள் எண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே குறைவு" என்றார். உம்மா அதுவரை பேசவில்லை. "இரண்டு பேர் இருக்கிற வாங்கில மூணு பேர் இருந்தோம். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தது அந்த மூணாவது ஆள்தான். அவட கொப்பியப் பார்த்துத்தான் நான் படிச்சேன்" என்றார். அதன் பிறகு யாரும் வாதாடவில்லை. பட்டியல் 56 ஆனது.

தேடும் வேலை அங்கிருந்துதான் உண்மையில் தொடங்கியது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு வயதான ஹாஜியார், பழைய முகாம் இருந்த இடத்தில் இன்றும் தையல் வேலை செய்யும் ஒரு மாமி, மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் என்று ஒருவரிடமிருந்து ஒருவராகப் போனோம். 2009க்குப் பிறகு சிலர் ஊர் திரும்பி, மன்னாரின் சிலாவத்துறைப் பக்கத்திலும் யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலும் இருந்தார்கள். சிலர் பாணந்துறையிலும் நீர்கொழும்பிலும் இருந்தார்கள். சிலர் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், புத்தளத்திலேயே இருந்தார்கள். முப்பது வருடமாக ஒரே சந்தையில் மீன் வாங்கியும் அவர்களைத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஒரு மாமியோடு நடந்த உரையாடலை மறக்க முடியாது. ஸலாம் சொல்லி, இன்னாருடைய மகள் பேசுகிறேன், இப்படி ஓர் ஒன்றுகூடல் இருக்கிறது என்றதும் அவர் சொன்னார்: "நான் உங்கட உம்மாட பெட்ச் இல்லையே மகள். நான் சோதனை எழுதல்ல. ஒன்பதோட நிண்டுட்டேன்."

"உங்கட பேர் இடாப்பில இருக்கு மாமி."

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "எத்தினையாம் நம்பர் போட்டிருக்கு?"

"52."

"ஓ, 52தான். எனக்கு முன்னுக்கு 51 மன்னார்ப் பிள்ளை. அவவக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

நாங்கள் கண்டுபிடித்திருக்கவில்லை. அவரே இரண்டு நாளில் கண்டுபிடித்துத் தந்தார். பரீட்சைச் சுட்டெண் பெறாத ஒருவர் தன் இடாப்பு இலக்கத்தை முப்பது வருடத்துக்கும் மேலாக ஞாபகத்தில் வைத்திருந்தார்.

பட்டியல் மாறியதும் மற்றப் பொறுப்புகளும் மாறின. ஒரே நிறத்தில் எல்லோருக்கும் சாரி என்ற யோசனையை உடைக்குப் பொறுப்பானவரே கைவிட்டார். அதற்குப் பதிலாகச் சிறிய அட்டைகள் செய்தோம். பெயரும் இடாப்பு இலக்கமும் மட்டும். டொக்டர், அதிபர், சட்டத்தரணி என்று எதையும் போடவில்லை. அந்த அட்டைகளை எழுதுவதும் எங்கள் வேலையாக இருந்தது.

பங்களிப்புத் தொகை ஒருவருக்கு 2,500 ரூபா. அதை எல்லோராலும் கொடுக்க முடியாது என்பது பொருளாளர் மாமிக்குத் தெரியும். இயலாதவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்கவும் முடியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெறும் உறை கொடுத்து, பெயர் எழுதாமல் ஒட்டி, வாசலில் வைத்த பெட்டியில் போடச் சொன்னார். பிறகு தனியாக இருந்து பிரித்து எண்ணி, உறைகளைக் கிழித்துப் போட்டார். "நாலு உறை வெறுமையா இருந்திச்சு. ஒண்டில மூணு பங்கு இருந்திச்சு. கணக்குச் சரி, அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார். மிகுதியைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தார்கள்.

உணவுக்குப் பொறுப்பான மாமி சஹன் வைப்பதென்று முடிவு செய்தார். ஆறு பேருக்கு ஒரு சஹன். ஆகவே புதன்கிழமைக்குள் சரியான எண்ணிக்கை வேண்டும் என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். யார் யாரோடு அமர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். பழக்கப்பட்டவர்கள் ஒரு மூலையில் சேராமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. புகைப்படத்துக்குப் பொறுப்பானவர், சம்மதித்தவர்கள் மட்டும் நிற்கும் ஒரேயொரு குழுப்படம், அதுவும் முகநூலுக்குப் போகாது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்தார். வரத் தயங்கிய இரண்டு பேர் அந்த அறிவித்தலுக்குப் பிறகுதான் "வாறோம்" என்றார்கள். ளுஹர் தொழுகைக்கு ஒரு வகுப்பறையில் பாய் விரித்தோம். அடுத்த வகுப்பறையில் சிறு பிள்ளைகளை எங்களில் மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள். பெயருக்குச் சின்ன வேலைதான். ஆனால் அந்த அறை இல்லாவிட்டால் ஐந்தாறு பேர் வந்திருக்கவே மாட்டார்கள்.

அன்று 36 பேர் வந்தார்கள். சரியாக ஆறு சஹன். ஆசிரியைகளுக்கும் எங்களுக்கும் தனியாக இரண்டு. பட்டியலில் இல்லாதிருந்த 15 பேரில் பதினொரு பேரைக் கண்டுபிடித்திருந்தோம். ஏழு பேர் வந்தார்கள். வெளிநாட்டில் இருந்த இருவர் குரல் பதிவு அனுப்பினார்கள். இருவருக்கு வர வசதிப்படவில்லை. ஒருவர் வபாத்தாகிவிட்டார். மூன்று பேரைப் பற்றி இன்றுவரை எதுவும் தெரியாது.

நிகழ்ச்சியில் பேச்சுகளுக்கு முன்பாக, ஓய்வுபெற்ற வகுப்பாசிரியை இடாப்புக் கூப்பிட்டார். நான் எழுதிக்கொடுத்த தாளை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு 1 முதல் 56 வரை, அன்று போலவே. "யெஸ் டீச்சர்" என்று ஐம்பதை நெருங்கும் பெண்கள் எழுந்து நின்றார்கள். வராதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் பதில் சொன்னார்கள். வபாத்தானவரின் பெயர் வந்ததும் டீச்சர் நிறுத்தி, துஆ கேட்டு, பிறகு அடுத்த பெயருக்குப் போனார். 51, 52 இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். டீச்சர் தாளிலிருந்து தலையை உயர்த்தி அவர்களைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கதிரை கிடைக்காம ஜன்னல் கட்டில இருந்தீங்க, என்ன?" என்று கேட்டார். இருவரும் தலையாட்டினார்கள். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

மேடை அழகாக இருந்தது. சாப்பாடு மணந்தது. அவற்றைச் செய்தவர்களின் உழைப்பை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஆனாலும் ஓர் ஒன்றுகூடலில் முதலில் செய்ய வேண்டியதும் பொறுப்போடு செய்ய வேண்டியதும் பட்டியல்தான் என்று இப்போது நினைக்கிறேன். யாருடைய பெயர் அதில் இல்லையோ அவருக்குச் சமைப்பதில்லை, அவருக்கு அட்டை எழுதுவதில்லை, அவர் வராததை யாரும் கவனிப்பதுமில்லை. பரீட்சை எங்களைப் பிரித்துக் காட்டும். இடாப்பு அப்படிப் பிரிப்பதில்லை. காலையில் வந்து வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

அன்புத் தோழியரே, எங்கள் வகுப்பிலும் ஆறாம் வகுப்பில் எங்களோடு இருந்த எல்லோரும் இப்போது இல்லை. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு குடும்பத்தோடு வெளிநாடு போனவர்கள் இருக்கிறார்கள். சாதாரண தரத்தோடு நின்றவர்கள் இருக்கிறார்கள். ஒரு தவணை விடுமுறைக்குப் பின் வராமலே போனவரும் இருக்கிறார். முப்பது வருடம் கழித்துக் கறையான் அரித்த தாளில் அவர்களைத் தேட வேண்டியதில்லை. நாங்கள் ஆறு பேரும் ஒரு சீஆர் கொப்பி வாங்கி, ஆறாம் வகுப்பிலிருந்து எங்களோடு படித்த எல்லோருடைய பெயரையும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். போனவர்களுக்கு நேரே, எங்கே போனார்கள், யாரிடம் கேட்டால் தெரியும் என்று எழுதுகிறோம். இதுவரை 63 பெயர்கள். கொப்பி எங்கள் வகுப்பு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. விடுபட்ட பெயர் ஞாபகம் வந்தால், இடைவேளையில் வந்து எழுதிவிட்டுப் போங்கள்.