மறுமுறை அகப்படுமுன்

மது அருந்தி வாகனம் ஓட்டுவோரைச் சட்டம் இரு வகையினராகப் பார்க்கிறது: முதன்முறை அகப்பட்டவர், மறுமுறை அகப்பட்டவர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருப்பின் குற்றமாகும். முதன்முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு ஈராண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019-இல் திருத்தப்படுமுன் இத்தொகைகள் 2,000, 3,000 என்ற அளவைத் தாண்டாதிருந்தன. தமிழகத்தில் புதிய தொகை 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

தொகையைக் கேட்டு மலைப்போர் உண்டு. நம் சிந்தனையோ 'மறுமுறை' என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது. முதன்முறைக்கும் மறுமுறைக்கும் இடைப்பட்ட காலத்தில் அம்மனிதர் எங்கே இருந்தார்? நம் வீடுகளில்தானே இருந்தார்!

மணலி வாசிகளுக்கு இது ஏட்டுச் சட்டம் அன்று. சுத்திகரிப்பு ஆலையின் டேங்கர்களும், சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்கு வரும் லாரிகளும், துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் டிரெய்லர்களும் ஓயாது ஓடும் சாலைகளைக் கடந்தே நம் பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர். அவ்வண்டிகளை ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களும் நம் பங்கில் உண்டு. இரவு விருந்து முடிந்து இருசக்கர வாகனத்தில் வரும்போது அகப்பட்டாலும், ஆபத்துக்குள்ளாவது மறுநாள் லாரி ஓட்டிச் சோறு போடும் அதே உரிமம்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, இத்தகையோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு 2015-இல் மாநிலங்களைப் பணித்தது. 19-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: குடியே வாடிக்கையானவர் என்று கண்டால், உரிமத்தையே ரத்துச் செய்ய அதிகாரிக்கு இடமளிக்கிறது.

அண்மையில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். மகன் முதன்முறை அகப்பட்டபோது தம் கம்மலை அடகு வைத்து அபராதத்தைக் கட்டியிருக்கிறார். தந்தைக்குத் தெரியாது; மருமகளுக்கும் தெரியாது. "அதுக்கப்புறம் திருந்திட்டான்னுதான் நெனச்சேன், சாமி. போலீஸ் எந்த முனையில நிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு வேற தெருவுல வர்றான், அவ்வளவுதான்" என்றார். அம்மா கட்டிய பத்தாயிரம் மகனுக்கு வலிக்கவில்லை. வலித்தது அம்மாவின் வெறுங்காதுக்கு மட்டுமே. குடும்ப மானம் காக்க நாம் செய்யும் இவ்விரகசிய உதவியே பல வீடுகளில் மறுமுறைக்கு வழி திறக்கிறது என்பது நம் எண்ணம்.

இச்சட்டத்தில் பலரும் அறியாத இன்னொரு பிரிவு உண்டு. 188-ஆம் பிரிவு, இக்குற்றத்துக்கு உடந்தையானவருக்கும் குற்றவாளிக்குரிய அதே தண்டனையை விதிக்கிறது. இதைக் கொண்டே, குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்வோர் மீதும் நடவடிக்கை உண்டு எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. பின்னிருக்கையில் அமர்ந்தவர் என்ன செய்தார் என்று அப்போது பலர் முணுமுணுத்தனர். நமக்கு அவ்வறிவிப்பில் குறை தோன்றவில்லை. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலைவழி மேய்ப்புப்பணி வழிகாட்டியில் வாகனம் ஓட்டுவோர்க்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. ஓட்டும் நிலையில் இல்லாதவரை அன்போடு எடுத்துச் சொல்லித் தடுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஆறாவது. அது உடனிருப்பவரை நோக்கிச் சொல்லப்பட்டது. திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், 2290-ஆம் எண்ணில், குடியாலோ வேகவெறியாலோ பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைக் கனமான குற்றம் என்றே கூறுகிறது. ஞானஸ்நான விருந்திலும் புதுநன்மை விருந்திலும் கொல்லைப்புறத்தில் பாட்டில் திறந்து, பின் வாசலில் நின்று 'பார்த்துப் போங்க' என்று வழியனுப்பும் நம் இல்லத்தார் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். சட்டம் அவர்களைத் தொடுமோ தொடாதோ நாமறியோம். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னவர் இதுவரை எவருமில்லை என்று பொதுவாகச் சொல்லலாம்.

உரிமம் நிறுத்தப்படும் மூன்று மாதத்தைக் குடும்பத்தார் சாபக்காலமாகவே பார்க்கின்றனர். வருமானம் நிற்பதால் வரும் துயரம் உண்மையே. எனினும் வணக்கத்துக்குரிய மாட் டால்பட்டை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். டப்ளின் நகரில் கூலி வேலை செய்தவர் அவர். இளமையிலேயே குடிக்கு அடிமையானவர். 1884-இல், தம் இருபத்தெட்டாம் வயதில், குடிப்பதில்லை என்று வாக்குறுதி எடுத்தார். எத்தனை காலத்துக்கு? மூன்றே மாதத்துக்கு! அது முடிந்ததும் ஆறு மாதம். அதன்பின் வாழ்நாள் முழுவதும். 1925-இல் இறக்கும்வரை மீண்டும் குடிக்கவில்லை. அந்த முதல் மூன்று மாதமே அவருக்கு மிகக் கொடியதாயிருந்தது. வேலை முடிந்ததும் மதுக்கடைப் பக்கம் போகாமலிருக்க, மாலைப்பொழுதைக் கோவில்களில் கழித்தார்.

அத்தாய்க்கு நாம் கூறியதும் இவ்வளவே: மகனின் கடனை மகனே அடைக்கட்டும், மருமகளிடம் இன்றே சொல்லுங்கள், வண்டிச் சாவி மாலை ஆறு மணிக்கு மேல் அவள் கையிலிருக்கட்டும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களும், அவர்தம் குடும்பத்தாருக்கென்றே கூடும் அல்-அனான் குழுக்களும் சென்னையில் உள்ளன. கட்டணம் கிடையாது, பெயர் வெளிவராது. மகன் வர மறுத்தாலும் தாயும் மனைவியும் போகலாம். முதலில் தாமாவது போவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.