எச்சில் முடிச்சு

தூண்டில் கழி ஆறாயிரம் ரூபாய். அதில் மாட்டும் ரீல் நாலாயிரம். பின்னல் நரம்பு ஒரு சுருள் ஆயிரத்து ஐந்நூறு. நுனியில் தொங்குகிற பிளாஸ்டிக் மீன் ஐந்நூறு. ஆகமொத்தம் பன்னிரண்டாயிரம். இத்தனையையும் மீனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது காலணா செலவில்லாத ஒரு முடிச்சு! பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் கண்ணில் பட்டது.

மரக்காணத்தை உங்களில் பலர் காருக்குள் இருந்து பார்த்திருப்பீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகும்போது பாத்தி பாத்தியாக உப்பளம், கூம்பு கூம்பாக உப்புக் குவியல்... 'அட!' என்று ஒரு போட்டோ. அவ்வளவுதான். கொஞ்சம் இறங்கி நடந்தால் கழுவெளி. எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலைத் தொடுகிற பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கத்துக் கடற்கரை மணலில்தான் சனி, ஞாயிறுகளில் வெளியூர் இளைஞர்கள் கழியும் கையுமாக நிற்கிறார்கள். அலைக்கு நடுவே வீசிவிட்டுக் காத்திருக்கிறார்கள். எதற்கு? கொடுவாவுக்கு.

கொடுவா சாதாரண மீன் இல்லை. வங்காளத்தில் அது பேட்கி. ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. ருசியிலும் விலையிலும் வஞ்சிரத்தோடு போட்டி போடும். கடலில் முட்டையிடும், குஞ்சுகள் கழிமுகம் ஏறிக் கழுவெளி போன்ற உப்பங்கழிகளில் வளரும். ஐப்பசியில் மழை இறங்கி, முகத்துவாரத்தில் புதுத்தண்ணீர் கலந்து ஓடும்போது இரை தேடிக் கரையோரம் வரும். உப்பளத்துக்கு வேலை இல்லாத காலம்தான் கொடுவாவுக்கு வேலைக் காலம்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியவர். கோடை முழுக்க உப்பு வாருகிறவர். மழை விழுந்து பாத்தியில் தண்ணீர் நின்றுவிட்டால் பழைய தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடுவார். கழி கிடையாது, ரீல் கிடையாது. ஆனால், பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கழியோடு வந்த பையன்கள் அவரிடம்தான் வந்து, "தாத்தா, இதைக் கொஞ்சம் கட்டிக் குடுங்க" என்று நிற்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நரம்பின் நுனியைப் பொய்மீனின் மூக்கு வளையத்துக்குள் விட்டு நாலு விரல் நீளம் இழுத்தார். அந்த நுனியைத் தாய் நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றினார். பிறகு வளையத்தை ஒட்டி இருக்கும் சின்ன இடைவெளிக்குள் நுனியை விட்டு, அதனால் உண்டான பெரிய கண்ணிக்குள்ளும் ஒருமுறை நுழைத்து எடுத்தார். உடனே இறுக்கவில்லை. முடிச்சை வாயில் வைத்து எச்சில் படுத்தினார். அப்புறம்தான் மெதுவாக இழுத்தார். ஐந்து சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"எச்சில் எதுக்குங்கய்யா?"

"காய்ஞ்சபடி இழுத்தா உரசிச் சூடாவும் தம்பி. சூடு பட்ட நரம்பு பார்க்க நல்லாத்தான் இருக்கும். கொடுவா இழுக்கறப்ப பல்லை இளிச்சுடும்."

நைலான் பிறந்தது 1935-ல், அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில். பருத்திக் கயிறு சொரசொரப்பாக இருக்கும். எப்படிக் கட்டினாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நைலான் வழவழ. சும்மா போட்ட முடிச்சு தானாக உருவிக்கொள்ளும். அதனால்தான் இந்த ஐந்து சுற்று. இப்போது வருகிற பின்னல் நரம்பு அதைவிட வழுக்கும். மெல்லிசாக இருந்து பெரிய எடையைத் தாங்கும். ஆனால், உரசினால் பட்டென்று அறுந்துவிடும். கொடுவாவின் செவுள் மூடி ஓரமோ கத்தி மாதிரி! ஆகவே பின்னல் நரம்பின் நுனியில் மூன்றடிக்குத் தடித்த நைலானை இணைத்து, பொய்மீனை அதில்தான் கட்ட வேண்டும்.

இன்னொன்றும் செய்தார். சின்னப் பொய்மீன் ஒன்றை எடுத்து, மூக்கில் முடிச்சு ஒட்டாமல் அரை விரல் அகலத்துக்கு ஒரு கண்ணி விட்டுக் கட்டினார். "இறுக்கிக் கட்டினா செத்த மீன் மாதிரி வரும். கண்ணி வுட்டா உசுரோட ஆடும்." கட்டி முடித்ததும் கரையில் கிடந்த படகின் விளிம்பில் முள்ளை மாட்டி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். கழித்துப்போட்ட நரம்புத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மணலில் கிடந்தால் பறவைக் காலில் சுற்றிக்கொள்ளுமாம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கூச்சல். பையன் ஒருவனுக்குப் பெரிய மீன் மாட்டி, கழி வில்லாக வளைந்து, சட்டென்று நிமிர்ந்துவிட்டது. தானே கட்டிய முடிச்சு. ஓடிப் போய்ப் பார்த்தோம். நரம்பின் நுனி பன்றி வாலைப் போலச் சுருண்டிருந்தது. "செவுள் அறுத்திருந்தா வெட்டினாப்பல இருக்கும். இது அறுக்கலை, உருவிக்கிச்சு" என்றார் பெரியவர்.

"போச்சு தாத்தா, ஐந்நூறு ரூபா!"

"உனக்கு ஐந்நூறு போச்சு. அதுக்கு வாய் போச்சுடா!"

பையன் பேசாமல் நின்றான். எனக்கும் பேச்சு வரவில்லை. ஐந்நூறு ரூபாயை நஷ்டக் கணக்கில் எழுதிவிடலாம், அடுத்த வாரம் இன்னொன்று வாங்கலாம். கொக்கி கொக்கியாக ஆறு முள்ளோடு, வாயைத் திறக்கவோ மூடவோ முடியாமல் கடலுக்குள் திரும்பிப் போனதே ஒன்று, அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

கொடுவாவைப் பற்றி ஒரு விசேஷம் உண்டு. அது பொதுவாக ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். சில வருடங்கள் கழித்து, உடம்பு பெருத்த பிறகு பெண்ணாக மாறிவிடும். அதாவது, கழியை வில்லாக வளைக்கிற பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்! 1997-லேயே சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கொடுவாவை வளர்ப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்துவிட்டது உண்மைதான். ஆனால், கழுவெளிக்குள் தானாக நீந்தி வருகிற குஞ்சுகளுக்கு இந்தத் தாய்களை விட்டால் வேறு வழியில்லை.

பெரியவர் அந்தப் பையனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்தார். குறடை வாங்கி, அடுத்த பொய்மீனில் இருந்த முட்களின் எதிர்ப்பல்லை ஒவ்வொன்றாக நசுக்கித் தட்டையாக்கினார். "இப்ப தப்பிச்சுப் போனாலும் தானா கழண்டுக்கும்."

"அப்ப புடிச்ச மீனும் கழண்டுக்குமே தாத்தா?"

"நரம்பைத் தொய்ய வுடாம இழு, கழலாது. மீனு போனா போவுது. வாயில முள்ளோட போவக் கூடாது."

அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது இரண்டு கெழுத்தி. முறுமுறுப்பு இல்லாமல் பையில் போட்டுக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை தூண்டில் கழி கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன்னால் பத்து முழம் நரம்பு வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டிப் பழகச் சொல்லுங்கள். ஐந்து சுற்று, கொஞ்சம் எச்சில், நிதானமாக ஓர் இழுப்பு. இழுத்த இழுப்பில் அவிழாமல் நூறு முறை நின்ற பிறகு மரக்காணத்துக்கு பஸ் ஏறட்டும்.