வாட் இஸ் யுவர் ஹாபி?

ஒரு காலத்தில் இங்கிலீஷ் பேச ஆசைப்பட்டவர்கள், கபில்தேவ் விளம்பரத்தில் வந்த ரேபிடெக்ஸ் புத்தகத்தை வாங்கி, கண்ணாடி முன் நின்று தனியாகப் பேசிப் பார்த்தார்கள். இப்போது கம்பம் பள்ளத்தாக்கிலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் வந்துவிட்டன. கம்பத்தில் நண்பர் ஒருவர் மாடியில் அப்படி ஒன்று நடத்துகிறார். ''ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து புள்ளைகளோட சும்மா பேசிட்டுப் போங்க'' என்பார். போவேன்.

பதினைந்து பேர் இருப்பார்கள். பி.காம் முடித்த ஒரு பெண், நர்ஸிங் படித்த ஒரு பெண், 'குட்டியானை' வண்டி ஓட்டும் தம்பி, போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர்... இப்படி. இவர்கள் பேசிப் பழக ஒரு தாள் உண்டு. தலைப்பு 'மாடர்ன் லைஃப்'. லேட்டஸ்ட் ஃபேஷனைப் பின்பற்றுகிறீர்களா? வாரத்தில் எத்தனை முறை ஹோட்டலில் சாப்பிடுவீர்கள்? விடுமுறைக்கு எங்கே போவீர்கள்? வாட் இஸ் யுவர் ஹாபி?

பதில், 'யெஸ் சார்', 'நோ சார்'. அதற்கு மேல் வண்டி நகராது. இலக்கணம் தெரியாமல் இல்லை. பன்னிரண்டு டென்ஸும் தலைகீழ்ப் பாடம். கேள்வியில் இவர்கள் யாருமே இல்லை, அதுதான் சிக்கல்.

பி.காம் பெண் மதுரையில் ஒரு இன்டர்வியூ போய் வந்திருந்தாள்.

''ஹாபி என்னன்னு கேட்டாங்க சார். டி.வி. பாக்குறதுன்னேன். எந்த புரோகிராம்னாங்க. முழிச்சுட்டேன்.''

''ஏம்மா, ஏதாவது ஒரு சீரியல் பேரைச் சொல்ல வேண்டியதுதானே?''

''எங்க வீட்டுல எங்க சார் டி.வி. பாக்க நேரம்? அம்மா மலைக்குப் போகுது. வெள்ளென எந்திரிச்சு சோறாக்கிக் கட்டிக் குடுக்கணும். பொழுதடைஞ்சு வந்தா வெந்நி வெக்கணும்.''

மலை என்றால் மேற்கே தெரிகிற மலை. இருட்டு பிரிவதற்குள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், அன்றே திரும்புகிறார்கள் இந்த ஊர்ப் பெண்கள். அந்தக் கூலியில்தான் இந்த வகுப்புக்கு ஃபீஸ். சும்மா இருக்க நேரம் இருந்தால்தானே ஹாபி?

தாளை மடித்து வைத்தேன். ''காலையில போனை எடுத்ததும் மொதல்ல என்ன பாப்பீங்க?'' என்று தமிழிலேயே கேட்டேன்.

''ஏலக்காய் ரேட்டு சார்'' என்றார் கணக்கு எழுதுகிறவர்.

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. முன்பு வாயால் கூவிக் கேட்டதை இப்போது வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கேட்கிறார்கள். விலை வாட்ஸப்பில் பறக்கிறது. 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அடிபட்டு, பிறகு மழையும் பொய்த்து, 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது.

''அன்னிக்கு எங்க முதலாளி கண்ணாடியை ரெண்டு தடவை தொடச்சுப் போட்டுப் பாத்தாரு சார்.''

''கூலி ஏறுச்சாண்ணே?'' என்றாள் பி.காம் பெண்.

அவர் பதில் சொல்லவில்லை.

''சரி, இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க'' என்றேன். ஆரம்பித்த உடனே நின்றுவிட்டார். தமிழில் காயும் ஏலம், விற்பதும் ஏலம். இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை வேண்டும். ''கார்டமம் ஆக்‌ஷன்'' என்றேன். ''ஆக்‌ஷன் படமா சார்?'' என்றான் குட்டியானைத் தம்பி. சிரித்து முடிப்பதற்குள் இரண்டு வார்த்தையும் எல்லோருக்கும் மனப்பாடம்.

அதே தம்பியிடம் ஃபேஷன் கேள்வியைப் போட்டேன். ''டிரெண்டை நாங்க எதுக்கு சார் ஃபாலோ பண்ணணும்? அதுதான் வண்டி கட்டிக்கிட்டு எங்க திராட்சைப் பந்தலுக்கு வருதே!'' கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் போட்டோ எடுக்க வருகிறார்களாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ''கொத்தைப் புடிச்சுக்கிட்டு நூறு போட்டோ எடுப்பாக. ஒரு கொத்து வாங்க மாட்டாக!''

நர்ஸிங் பெண், தான் முதன்முதலில் ரயில் ஏறியதைச் சொன்னாள். மதுரை - போடி ரயில் 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதை போட்டு, தேனி வரை வர 2022 மே ஆயிற்று. போடிக்கு 2023 ஜூன். ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பிளஸ் டூ முடிக்கிற காலம். ஊருக்கெல்லாம் ரயில் பழசு. இவளுக்கு அதுதான் மாடர்ன் லைஃப்.

உச்சரிப்பு தப்பினால் சிரிப்பார்களே என்று ஒரு பயம் இவர்களுக்கு. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ஆங்கிலம் படித்தவர்களே திணறுவார்கள். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்து, வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். நமக்குச் சொந்தமான விஷயமென்றால் நாக்கு தானாக வளைந்துவிடுகிறது.

அடுத்த வாரம் பி.காம் பெண் நாலு வரி எழுதி வந்தாள். அம்மாவின் வேலை நாள், கூலி, வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் அவள் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். அந்த நோட்டை வைத்துத்தான், கங்காணி கணக்கில் விட்டுப்போன மூன்று நாள் கூலியைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். இரண்டு இடத்தில் கிராமர் இடித்தது.

''இது ஹாபியா சார்?''

''ஹாபி இல்லம்மா. ஆனா எந்த நோட்டு, எத்தனை வருஷமா எழுதறேன்னு அடுத்த கேள்வி கேட்டா முழிக்க மாட்ட.''

கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்களா? உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எதிரே வந்து உட்காரும் பெண்ணிடம் ஹாபி கேட்பதற்கு முன், 'காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எதற்காக?' என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலீஷிலேயே கேளுங்கள். பதில் வரும்.